ஜட்சன் கதையின் மறுபாதி: ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



அதோனிராம் ஜட்சன் 1824 ஜூன் 8 முதல் ஏறக்குறைய 21 மாதங்கள் பர்மிய அரசின் பிடியில் இருந்தார். அதில் 17 மாதங்கள் காலில் விலங்கோடு கழிந்தன. தமிழ்ச் சபைகளில் மிஷனெரி கதை சொல்லும்போது வில்லியம் கேரி, டேவிட் லிவிங்ஸ்டன் ஆகியோரோடு இவர் பெயரும் வரும். சொல்லும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: சிறை, விலங்கு, தலையணைக்குள் ஒளித்த வேதாகமம், விடுதலை, அச்சேறிய பர்மிய வேதாகமம். ஆபத்தில் கர்த்தரை நம்பினார், கர்த்தர் காப்பாற்றினார் என்று பாடம் முடிந்துவிடுகிறது. விடுதலைக்குப் பின் எட்டே மாதத்தில் மனைவி இறந்ததும், அடுத்த ஆறு மாதத்தில் குழந்தை இறந்ததும், அதன்பின் ஜட்சன் காட்டில் தமக்கே குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததும் அந்தப் பாடத்தில் இல்லை. காப்பாற்றியவர்களில் பலர் கிறிஸ்தவரே அல்லர் என்பதும் இல்லை. விசுவாசம் என்பதை விளக்க இந்த வாழ்க்கையில் இருக்கும் மிகக் கனமான பகுதிகள் இவையே.

ஜட்சன் 1788 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மால்டன் ஊரில் பிறந்தார். தந்தை சபைப் போதகர். மகன் பிரௌன் கல்லூரியில் முதல் மாணவனாகத் தேறி, கொஞ்ச காலம் விசுவாசத்தை விட்டு விலகியிருந்து, பிறகு ஆண்டோவர் இறையியல் பள்ளிக்கு வந்தவர். பிராட்போர்டு ஊரைச் சேர்ந்த ஆன் ஹசல்டைனை மணக்க விரும்பியபோது அவர் பெண்ணின் தந்தைக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. மகளை இந்த உலகத்தில் இனி பார்க்கவே முடியாமல் போகலாம், கடல் ஆபத்தும் வெப்ப நாட்டு நோயும் வறுமையும் அவமானமும் அவளுக்கு நேரலாம், கொடூரமான சாவுகூட வரலாம், இதற்குச் சம்மதமா என்று அதில் கேட்கிறார். பெண் கேட்டு எழுதிய கடிதத்தில் பாதுகாப்பைப் பற்றி ஒரு வாக்குறுதியும் இல்லை. தந்தை முடிவை மகளிடமே விட்டார். ஆன் எல்லாவற்றையும் தெரிந்தே சம்மதித்தார். புறப்படும்போதே இருவருக்கும் கணக்கு தெளிவாக இருந்தது என்பதைக் காட்ட இந்தக் கடிதத்தைவிட நல்ல சான்று இல்லை. மிஷனெரி கதைப் புத்தகங்கள் இதை ஒரு சுவையான செய்தியாக மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோவது வருத்தத்துக்குரியது.

திருமணம் 1812 பிப்ரவரி 5 அன்று நடந்தது. மறுநாள் சேலம் நகரில் ஊழியத்துக்கான அபிஷேகம். பிப்ரவரி 19 அன்று 'கேரவன்' என்ற கப்பல் புறப்பட்டது. ஜூன் மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கே செப்டம்பர் 6 அன்று செராம்பூர் மிஷனைச் சேர்ந்த வில்லியம் வார்டு அவர்களுக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் மிஷனெரிகள் தங்குவதை விரும்பவில்லை, வெளியேறும்படி உத்தரவிட்டது. மொரீஷியஸ் தீவுக்குப் போனார்கள். அவர்களோடு அமெரிக்காவிலிருந்து வந்து, அவர்களுக்கு முன்பே அத்தீவுக்குப் புறப்பட்டிருந்த ஹாரியட் நியூவெல், 19 வயதில், பச்சிளங்குழந்தையைப் பறிகொடுத்துத் தாமும் இறந்திருந்தார். 1813 ஜூனில் ஜட்சன் தம்பதியர் சென்னைக்கு வந்தார்கள். இங்கும் கம்பெனி பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடும் என்ற பயம். துறைமுகத்தில் அவர்கள் ஏறிப்போகக்கூடிய ஒரே கப்பல் 'ஜார்ஜியானா'. அது போகும் இடம் ரங்கூன். போக வேண்டாம் என்று எல்லோரும் எச்சரித்த ஊர் அது. அழைப்பு என்று பின்னாளில் சொல்லப்பட்ட பர்மாப் பயணம் சென்னைத் துறைமுகத்தில் வேறு வழியில்லாமல் எடுத்த முடிவாகத் தொடங்கியது. கப்பலில் ஆனுக்கு முதல் குழந்தை இறந்தே பிறந்தது. 1813 ஜூலை 13 அன்று ரங்கூனில் இறங்கினார்கள்.

அடுத்த பத்தாண்டு மெதுவாக நகர்ந்தது. 1815இல் பிறந்த மகன் ரோஜர் எட்டு மாதக் குழந்தையாக இறந்தான். ஜட்சன் பர்மிய மொழியையும் பாலியையும் கற்றார். வழிப்போக்கர் தங்கும் சாவடி போன்ற ஒரு 'ஜயாத்' கட்டி, தெருவோரம் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரோடு பேசினார். முதல் பர்மிய விசுவாசியான மவுங் நா 1819 ஜூன் 27 அன்று ஞானஸ்நானம் பெற்றார்; வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. 1820 தொடக்கத்தில் ஜட்சன் மன்னர் பாஜிடாவை நேரில் பார்த்து மதச் சுதந்திரம் கேட்கப் போனார். மன்னர், தமக்குக் கொடுத்த துண்டுப்பிரசுரத்தின் முதல் வரிகளைப் படித்துவிட்டுத் தரையில் போட்டுவிட்டார். ஊரைவிட்டே போய்விடலாமா என்று ஜட்சன் யோசித்தபோது, பயப்பட வேண்டிய நிலையிலிருந்த பர்மிய விசுவாசிகளே, இன்னும் எட்டுப் பத்துப் பேராவது சேரும்வரை இருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். 1822க்குள் 18 பேர் சேர்ந்தார்கள். 1823இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு முடிந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் ஜட்சன் தம்பதியர் புதிய தலைநகரான ஆவாவுக்குப் புறப்பட்டார்கள். சக மிஷனெரியும் மருத்துவருமான ஜோனத்தன் பிரைஸ் கண்புரை நீக்குவதில் பெயர் பெற்றிருந்ததால் அரசவையின் அழைப்பு வந்திருந்தது. போர் மேகம் அதற்குள் சூழ்ந்துவிட்டது. அசாம், மணிப்பூர், அரக்கான் எல்லைகளில் பர்மிய அரசும் கம்பெனியும் பல வருடங்களாக உரசிக்கொண்டிருந்தன. 1824 மார்ச் 5 அன்று கம்பெனி போர் அறிவித்தது. மே 11 அன்று பிரிட்டிஷ் படை ரங்கூனில் இறங்கியது. அந்தப் படையில் சென்னை ராணுவத்தின் சிப்பாய்ப் பிரிவுகள் பல இருந்தன. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ ஆளும் பொருளும் அனுப்பிவைத்தார். அந்தப் போரில் கம்பெனிப் படை இழந்த ஏறத்தாழ 15,000 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது நோய். பர்மா சிறைக் கதையில் தமிழ்நாட்டுக்கு இப்படி ஒரு பங்கு உண்டு.

ரங்கூனில் இருந்த மிஷனெரிகளான ஹவ், வேட் ஆகிய இருவரையும் பர்மிய அதிகாரிகள் பிடித்துக் கொலைக்களத்தில் நிறுத்தினார்கள். பிரிட்டிஷ் கப்பலின் பீரங்கி முழக்கம் கேட்டுக் காவலர் சிதறியதால் அவர்கள் தப்பினார்கள். நூற்றுக்கணக்கான மைல் வடக்கே ஆவாவில் இருந்த ஜட்சனுக்கு அந்த முழக்கமே ஆபத்தாக முடிந்தது.

ஆவாவில் எழுந்த சந்தேகம் முட்டாள்தனமானது என்று சொல்லிவிட முடியாது. ஜட்சனுக்கு அமெரிக்காவிலிருந்து வரும் பணம் வங்காளம் வழியாக, ஹென்றி கூஜர் என்ற ஆங்கிலேய வணிகர் மூலம் கைக்கு வந்தது. கூஜரின் கணக்குப் புத்தகத்தில் ஜட்சன் பெயரும் பிரைஸ் பெயரும் தொகையோடு எழுதப்பட்டிருந்தன. நாட்டின் மேல் படையெடுத்த இனத்தாரிடமிருந்து மாதாமாதம் பணம் வாங்கும் வெள்ளையர் ஒற்றர் அல்லாமல் வேறு யார்? அமெரிக்கா வேறு நாடு என்ற விளக்கம் அங்கே எடுபடவில்லை. போர்க்காலத்தில் எந்த அரசும் இப்படித்தான் நினைத்திருக்கும். பர்மியரைக் கொடிய அரக்கராகக் காட்டும் படங்களோடு இந்தக் கதையைச் சொல்வது நியாயமல்ல.

ஜூன் 8 அன்று மதிய உணவுக்கு உட்காரப்போகும் வேளையில் ஓர் அதிகாரி ஆட்களோடு வீட்டுக்குள் நுழைந்தார். கூட வந்தவர்களில் ஒருவனுக்குக் கன்னத்தில் சூட்டு வடு. ஜட்சனைத் தரையில் தள்ளி, மெல்லிய கயிற்றால் முழங்கைகளைப் பின்னால் இறுக்கிக் கட்டினார்கள். கட்டைத் தளர்த்தும்படி ஆன் பணத்தை நீட்டினார், பயனில்லை. மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி பணத்தோடு பின்னாலேயே ஓடினார். கொஞ்ச தூரம் போனதும் கைதியை மறுபடி தரையில் தள்ளி, இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். போய்ச் சேர்ந்த இடம் மரண தண்டனைக் கைதிகளின் சிறை. அதன் பெயர் லெட்-மா-யூன்.

சிறைக் காவலர்கள் எல்லோரும் தண்டனைக் குறைப்புப் பெற்ற குற்றவாளிகள். கன்னத்தில் வட்டச் சூடு. மார்பில் செய்த குற்றத்தின் பெயர். தலைமைக் காவலனைக் கைதிகள் 'அப்பா' என்று அழைக்க வேண்டும். அவன் மார்பில் இருந்த எழுத்து கொலைகாரன் என்பது. சன்னல் இல்லாத ஒரே கொட்டடியில் ஆணும் பெண்ணுமாகக் கைதிகள் அடைந்து கிடந்தார்கள். ஜட்சனுக்கு மூன்று ஜோடி விலங்கு. இரவானால் கைதிகளின் கால்களுக்கிடையே நீளமான மூங்கிலைச் செருகி, கயிற்றால் உயர்த்திவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் படும்படி விடியும்வரை தொங்க வேண்டும். தினமும் பிற்பகல் மூன்று மணிக்குச் சேகண்டி அடிக்கும். அன்று சாக வேண்டியவரை அந்நேரத்தில் காவலர் வந்து பேசாமல் அழைத்துப்போவார்கள். அந்தச் சத்தம் வந்ததும் கொட்டடியே மூச்சடங்கிப்போகும் என்று உடனிருந்த கூஜர் பின்னாளில் எழுதினார்.

அந்தச் சிறையில் அரசு சோறு போடுவதில்லை. வெளியே யாராவது இருந்தால் கைதி பிழைப்பார். ஆனின் வேலை அங்கே தொடங்கியது. வீட்டைச் சுற்றிக் காவல் போட்டபோதே கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எரித்தார். கொஞ்சம் வெள்ளியையும் மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியையும் தோட்டத்தில் புதைத்தார். பிறகு அதிகாரிகளின் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கினார். யாருக்கு எவ்வளவு கொடுத்தால் கணவரைக் கொட்டடியிலிருந்து வெளியே திறந்த கொட்டகைக்கு மாற்றுவார்கள், யார் மனைவியிடம் பேசினால் யார் காதுக்கு எட்டும் என்பதையெல்லாம் கற்றார். பர்மிய உடை உடுத்திக்கொண்டார். அரசியின் மைத்துனியைப் பார்த்துக் கெஞ்சினார். சிறையிலிருந்து வீடு இரண்டு மைல்; பல நாள் இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நடந்து திரும்பினார். இவ்வளவையும் செய்தபோது அவர் கருவுற்றிருந்தார்.

ஆன் அதிகமாக நம்பியிருந்தது வடக்கு வாசல் அதிகாரியை. வயதானவர், பௌத்தர், லஞ்சம் வாங்கியவரும்கூட. வெள்ளைக் கைதிகளை இரகசியமாகக் கொன்றுவிடும்படி அரசியின் சகோதரரிடமிருந்து அவருக்கு மூன்று முறை சொல்லி அனுப்பப்பட்டது. மூன்று முறையும் அவர் செய்யவில்லை. விடுவிக்க முடியாது, கொல்லவும் மாட்டேன் என்று ஆனிடம் அவர் சொன்னபோது அழுதார் என்று ஆனே எழுதியிருக்கிறார். ஜட்சன் உயிரோடிருந்ததற்கு மனிதர் பக்கத்தில் முதல் காரணம் தேட வேண்டுமானால் அது இந்தப் பெரியவரின் மனசாட்சி. தேவன் காத்தார் என்று சொல்லும் ஆசிரியர் யாரைக் கொண்டு காத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த மனிதருக்கு அநீதி.

அந்த மாதங்களில் நடந்த ஒரு சின்ன விஷயம் பெரிய சம்பவங்களைவிட அதிகமாகச் சொல்கிறது. ஒரு நாள் ஆன் எருமை இறைச்சியையும் வாழைப்பழத்தையும் கொண்டு, தம் சொந்த ஊரில் பண்டிகைக்குச் செய்யும் பலகாரத்தைப் போல ஒன்றைச் செய்து மவுங் இங்கிடம் கொடுத்தனுப்பினார். விலங்கை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து மனைவியைப் பார்த்தபோதெல்லாம் தாங்கிக்கொண்டிருந்த ஜட்சன், பலகாரத்தைப் பார்த்ததும் உடைந்துபோனார். முழங்காலில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டு, அதைச் சாப்பிட முடியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டார்.

1825 ஜனவரி 26 அன்று மகள் மரியா பிறந்தாள். இருபது நாள் குழந்தையை ஆன் சிறை வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். போரில் பர்மியப் படை பின்வாங்கப் பின்வாங்கக் கைதிகள் மேல் கோபம் ஏறியது. மார்ச்சில் வெயில் தகிக்கும் காலத்தில் வெள்ளையர் எல்லோரையும் உள் கொட்டடியில் தள்ளி ஐந்து ஜோடி விலங்கு மாட்டினார்கள். பலகை இடுக்குகளைத் தவிர காற்று வர வழியில்லாத ஓர் அறையில் நூறு பேருக்கு மேல். ஜட்சனுக்குக் காய்ச்சல் கண்டது. சிறை முற்றத்தில் ஒரு சிங்கக் கூண்டு இருந்தது. மன்னருக்குப் பரிசாக வந்த அந்தச் சிங்கத்தை, பிரிட்டிஷார் கொடியில் சிங்கம் இருக்கிறது என்ற காரணத்தால் பட்டினி போட்டுச் சாகடித்திருந்தார்கள். அந்த வெற்றுக் கூண்டில் படுத்திருக்க ஜட்சனுக்கு அனுமதி கிடைத்தது. கொட்டடியைவிட அது மேல். தானியேலின் சிங்கக்கெபியோடு இதை ஒப்பிடாத ஞாயிறு பள்ளி வகுப்பு குறைவு. இங்கே சிங்கத்தின் வாய் கட்டப்படவில்லை. பட்டினியால் செத்த ஒரு மிருகத்தின் இடம் நோயாளிக்குக் கிடைத்தது. கதையை அதன் அளவிலேயே சொன்னால் போதும்.

தலையணையின் கதையும் இந்தச் சிறையில் நடந்ததுதான். தோட்டத்தில் புதைத்த கையெழுத்துப் பிரதி மழையில் அழுகிவிடும் என்று ஆன் அதைத் தோண்டி எடுத்து, யாரும் ஆசைப்படாதபடி கடினமான, அசிங்கமான ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கணவரிடம் கொடுத்தார். ஒரு காவலன் அதைப் பிடுங்கிக்கொண்டபோது நல்ல தலையணை ஒன்றைக் கொடுத்து மாற்றி வாங்கினார். கைதிகளை ஆவாவிலிருந்து அகற்றிய நாளில் யாரோ மேலுறையை உருவிக்கொண்டு பஞ்சுச் சுருளை எறிந்துவிட்டார்கள். அதை ஐயாவின் நினைவுப்பொருளாக வீட்டுக்கு எடுத்துப்போனவர் மவுங் இங். உள்ளே என்ன இருந்தது என்பது அவருக்கே தெரியாது. மாதங்கள் கழித்துப் பிரித்தபோது பிரதி சேதமில்லாமல் இருந்தது.

அகற்றிய நாள் 1825 மே தொடக்கத்தில் வந்தது. வடக்கு வாசல் அதிகாரி ஆனைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பேச்சுக் கொடுத்தார். கண்ணெதிரே நடப்பதை அவர் பார்க்க வேண்டாம் என்பதற்காக. கைதிகளை இருவர் இருவராகக் கயிற்றில் கட்டி, செருப்பும் தொப்பியும் இல்லாமல், உச்சிவெயிலில் அமரபுரத்தை நோக்கி ஓட்டினார்கள். கொதிக்கும் மணலில் ஜட்சனின் உள்ளங்கால் தோல் உரிந்தது. வழியில் ஓர் ஆற்றைக் கடந்தபோது குதித்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததாகவும், பாவம் என்ற பயம் தடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். கூட வந்த கிரேக்கர் ஒருவர் அந்த நடையிலேயே இறந்தார். கூஜரின் வங்காள வேலைக்காரர் ஓடிவந்து, தம் தலைப்பாகையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை எஜமானுக்கும் மறுபாதியை ஜட்சனுக்கும் காலில் சுற்றிக்கொள்ளக் கொடுத்தார். பிறகு ஜட்சனுக்குத் தோள் கொடுத்து ஏறக்குறைய சுமந்தே வந்தார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

போய்ச் சேர்ந்த அவுங்பின்லே கிராமத்தின் சிறை கூரை இல்லாத பாழடைந்த கட்டடம். உள்ளே வைத்துக் கொளுத்தப்போகிறார்கள் என்று கைதிகள் நினைத்தார்கள். மூன்று மாதக் குழந்தை, தாம் வளர்த்த இரண்டு பர்மியச் சிறுமிகள், வங்காளச் சமையல்காரர் ஆகியோரோடு ஆன் பின்னாலேயே வந்து சேர்ந்தார். காவலன் வீட்டில் பாதி நெல் நிறைந்த ஓர் அறை கிடைத்தது. மறுநாளே சிறுமிகளில் ஒருத்திக்கு அம்மை, பிறகு குழந்தைக்கு, பிறகு ஆனே நோயில் விழுந்தார். பால் வற்றிவிட்டது. காவலர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, விலங்கு மாட்டிய காலோடு ஜட்சன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்களின் வீடுகளுக்குப் போய்ப் பால் கேட்டார். கிராமத்துப் பெண்கள் கொடுத்தார்கள். சமையல்காரர் தம் சாதி வழக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சம்பளம் எதிர்பாராமல், மைல்கணக்கில் நடந்து விறகும் தண்ணீரும் கொண்டுவந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தார். அவரை ஆன் தம் நீண்ட கடிதத்தில் மனமுருகி நினைவுகூர்கிறார்.

கைதிகளை அங்கே கொண்டுவரச் செய்தவர் பகான்-வுன் என்ற தளபதி. படை புறப்படும் முன் அவர்களைப் பலியிடுவது அவர் திட்டம். அதற்குமுன் அவர் மேலேயே ராஜதுரோகக் குற்றம் வந்து கொல்லப்பட்டார். நவம்பரில் சமாதானப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதால் ஜட்சனை அரசு வெளியே எடுத்தது. வேலை முடிந்ததும் மறுபடி அவுங்பின்லேவுக்கு அனுப்பப் பார்த்தது. அந்நேரம் ஆன் ஆவாவில் கடுங்காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அதுவரை எந்தக் கதவையும் தட்டாமல் விட்டதில்லை. இப்போது ஜெபிப்பதைத் தவிர ஒன்றும் செய்ய இயலவில்லை, ஜெபத்தின் வலிமையை அப்போதுதான் உணர்ந்தேன் என்ற பொருளில் எழுதுகிறார். அதோடு வடக்கு வாசல் அதிகாரிக்கு மவுங் இங் மூலம் ஒரு வேண்டுகோளும் அனுப்பினார். அந்தப் பெரியவர் தாமே பிணை நின்று ஜட்சனை விடுவித்துத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். ஆனின் விண்ணப்பம் இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் போனது; ஒன்றை நம்பினால் மற்றது வேண்டாம் என்று அவர் நினைத்ததே இல்லை.

1826 பிப்ரவரி 24 அன்று யந்தபோ உடன்படிக்கை கையெழுத்தானது. பர்மிய அரசு அரக்கானையும் தெனாசெரிமையும் இழந்தது. ஒரு கோடி ரூபாய் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. ஜட்சனும் ஆனும் குழந்தையும் அதற்குச் சில நாள் முன்பே ஐராவதி ஆற்றில் படகேறிவிட்டார்கள்.

வகுப்பில் கதை முடிவது இங்கேதான். எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அங்கே முடிக்கத் தயங்க வேண்டும். அந்த அதிகாரம் பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களையும் பட்டயத்தால் செத்தவர்களையும் ஒரே மூச்சில், ஒரே விசுவாசத்தின் பெயரில் வரிசைப்படுத்துகிறது. அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூவரும் தேவன் விடுவிக்காமல் போனாலும் வணங்கமாட்டோம் என்றுதான் நேபுகாத்நேச்சாரிடம் சொன்னார்கள். ஜட்சன் பெண் கேட்டு எழுதிய கடிதமும் இதே அடித்தளத்தில் நிற்கிறது. தப்பித்தலை விசுவாசத்தின் கூலியாகக் காட்டிப் பழகிய பிள்ளை, வீட்டில் ஒரு சாவு நேரும்போது தன் ஜெபம் குறைவுபட்டது என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும். இந்தத் தீங்கு உண்மையானது. சபைகளில் கண்கூடாக நடப்பது.

போருக்குப் பின் தெனாசெரிம் கரையில் பிரிட்டிஷார் நிறுவிய ஆம்ஹர்ஸ்ட் நகரில், இன்றைய சைக்கமியில், குடும்பம் குடியேறியது. மதச் சுதந்திரம் ஒப்பந்தத்தில் இடம்பெறக்கூடும் என்ற நம்பிக்கையில் ஜட்சன் பிரிட்டிஷ் தூதர் கிராஃபர்டோடு மறுபடி ஆவாவுக்குப் போனார். அது கைகூடவில்லை. அவர் அங்கே இருந்தபோதே, 1826 அக்டோபர் 24 அன்று, ஆன் காய்ச்சலில் இறந்தார்; வயது 36. கறுப்பு முத்திரையிட்ட கடிதம் கைக்கு வந்தபோது குழந்தைதான் போய்விட்டது என்று நினைத்துப் பிரித்தார். மரியா 1827 ஏப்ரல் 24 அன்று, இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆன நிலையில், தாயின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டாள்.

சிறை செய்யாததை இந்த இரண்டு சாவுகளும் செய்தன. ஜட்சன் ஆட்களைவிட்டு விலகினார். பிரௌன் கல்லூரி அளித்த கௌரவப் பட்டத்தைத் துறந்தார். பழைய கடிதங்களை அழித்தார். சொந்தப் பணத்தை மிஷனுக்குக் கொடுத்தார். ஆன் இறந்து சரியாக இரண்டு வருடம் கழித்து, 1828 அக்டோபர் 24 அன்று, காட்டோரக் குடிசை ஒன்றுக்குப் போனார். குழி வெட்டி அதன் ஓரம் உட்கார்ந்து தம் உடல் அழுகுவதைத் தியானித்தார். புலி நடமாடும் காட்டில் பழைய பகோடா ஒன்றின் அருகே நாட்களைக் கழித்தார். மறுவருடம் அதே நாளில் எழுதிய கடிதத்தில், தேவன் இருக்கிறார் என்று விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருள்பட எழுதினார். மூங்கிலில் தொங்கியபோது எழாத முறையீடு இது. ஆனாலும் அந்த வருடங்களிலும் மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்துகொண்டிருந்தார், ஜயாத்தில் உட்கார்ந்தார், கேட்க வந்தவர்களை அனுப்பிவிடவில்லை. தேவனைக் காணாமலே அவருடைய வேலையைச் செய்த இந்தக் காலத்தை விசுவாசத்தின் தோல்வி என்று மறைப்பது தவறு. அவர் வாழ்க்கையில் விசுவாசம் எந்த உதவியும் இல்லாமல் தனித்து நின்றது இந்தக் காலத்தில்தான்.

தெளிவு மெல்ல மெல்லத் திரும்பியது. 1834 ஜனவரி 31 அன்று மோல்மேனில் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் முடித்தார். அதே வருடம் ஏப்ரலில், மிஷனெரியின் விதவையான சாரா போர்டுமனை மணந்தார். திருத்திய பதிப்பு 1840இல் முடிந்தது. பர்மியப் புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் புழங்குவது அதுதான். சாரா 1845இல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் செயின்ட் ஹெலினா தீவில் இறந்தார். அந்தப் பயணத்தில் அமெரிக்கச் சபைகள் சிறைக் கதை கேட்கக் கூடின. ஜட்சன் கிறிஸ்துவைப் பற்றி மட்டும் எளிமையாகப் பேசிவிட்டு அமர்ந்தார். பலருக்கு ஏமாற்றம். தமக்குத் தெரிந்ததில் மிகச் சிறந்த கதையைத்தான் சொன்னேன் என்பது அவர் பதில். 1846இல் எமிலி சபக்கை மணந்து பர்மா திரும்பினார். அகராதி வேலையில் மூழ்கினார். 1850 ஏப்ரல் 12 அன்று கப்பலில் இறந்து, வங்கக் கடலில் அடக்கமானார்.

மூத்த வகுப்புகளில் எழக்கூடிய ஒரு கேள்விக்கு ஆசிரியர்கள் தயாராக இருக்க வேண்டும். 1826க்குப் பிறகு மிஷன் வேரூன்றியது போரில் பிரிட்டிஷார் பிடித்த மண்ணில். ஜட்சன் அந்தப் போரை வேண்டவில்லை. கிராஃபர்டோடு போனதற்குக் கிடைத்த பணத்தையும் மிஷனிடமே கொடுத்தார். ஆனாலும் துப்பாக்கி திறந்த வாசல் வழியாக நற்செய்தி போனது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, அதை மறுக்கத் தேவையில்லை. கரேன் மக்களிடையே நற்செய்தியைப் பரப்பியவர் கொள்ளையனாக இருந்து மனந்திரும்பிய கோ தா பியூ. 1828இல் தவாயில் ஞானஸ்நானம் பெற்ற கரேன் இனத்தவர். மியான்மரில் இன்று ஆபத்தைச் சுமப்பவர்களும் அந்நாட்டு விசுவாசிகளே. ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021இல், செப்டம்பர் மாதம், சின் மாநிலத்தின் தந்த்லாங் ஊரில் எரிந்த வீட்டை அணைக்கப் போன இளம் பாப்டிஸ்டு போதகர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சிறு வகுப்புக்குத் தலையணையும் தலைப்பாகையும் பால் கொடுத்த தாய்மாரும் போதும். மூங்கில், விலங்கு, மூன்று மணிச் சேகண்டி ஆகியவை அந்த வயதுக்கு வேண்டாம். நடு வகுப்புக்கு ஆனின் இரண்டு மைல் நடையையும் வடக்கு வாசல் அதிகாரியையும் மவுங் இங்கையும் சேர்க்கலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கதை யந்தபோவில் நிற்கக் கூடாது. ஆம்ஹர்ஸ்ட் கல்லறைகளும் காட்டுக் குடிசையும் 1829ஆம் வருடக் கடிதமும் அவர்களுக்கு உரியவை. விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரே நாளில் இவ்வளவையும் சொல்ல முடியாது. இரண்டு நாள் ஒதுக்கினால், முதல் நாள் பாடம் படகில் முடியலாம். இரண்டாம் நாள் அந்தக் கறுப்பு முத்திரைக் கடிதத்திலிருந்து தொடங்கலாம்.